ஊருக்குப் போய் வந்தோம், கடனோடு வந்தோம்: எதை முதலில் கட்டுவது?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறோம். பத்து வருடத்துக்குப் பிறகு இந்தக் கோடையில் இரண்டு பிள்ளைகளோடும் யாழ்ப்பாணம் போய் ஏழு கிழமை நின்றுவிட்டு, பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தோம். நல்லூர்த் திருவிழா, தங்கச்சியின் மகளுடைய சாமத்தியவீடு, வான் வாடகை, எல்லாருக்கும் உடுப்பு என்று காசு போன வழி தெரியவில்லை. கணவருக்கு மூன்று கிழமைதான் சம்பளத்தோடு லீவு. பெட்டியைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை, பில் வந்துவிட்டது. கிரெடிட் காட்டில் 13,400 டொலர். அதில் 3,600 அங்கே ஏடிஎம்மில் எடுத்தது. டிக்கெட்டுக்காக லைன் ஒஃப் கிரெடிட்டில், அதாவது ஒரு எல்லைவரை எடுத்து எடுத்துக் கட்டும் வங்கிக் கடனில், எடுத்தது 4,800 (எல்லை 10,000, வட்டி 9.5%). ரிஎஃப்எஸ்ஏயில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) 9,000, ஆர்ஆர்எஸ்பியில் (ஓய்வுக்காலச் சேமிப்பு) 22,000 இருக்கிறது. வீட்டுச் செலவு போக மாதம் 650 டொலர் கடனுக்கு ஒதுக்கலாம். ஆனால் சித்தப்பாவின் வீட்டுக் கூரைக்கு மாதம் 400 அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆர்ஆர்எஸ்பியை உடைத்து ஒரேயடியாகக் கட்டிவிடலாமா? கணவர் சீட்டு எடுப்போம் என்கிறார்.

பதில்: வணக்கம் சகோதரி. பத்து வருடத்துக்குப் பிறகு போனதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். செலவழித்த காசு செலவழித்ததுதான், அதை நினைத்து இப்போது வருந்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது 13,400 அல்ல, அந்த 400.

கணக்கைப் பாருங்கள். உங்கள் காட்டின் வட்டியை நீங்கள் எழுதவில்லை. வாங்கிய சாமான்களுக்கு 20.99%, ஏடிஎம் காசுக்கு 22.99% என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே பல காட்களில் கிட்டத்தட்ட இதுதான். அப்படியானால் காட்டுக்கு மாதம் ஏறக்குறைய 240 டொலர் வட்டி, லைன் ஒஃப் கிரெடிட்டுக்கு 38, மொத்தம் 278. கடனுக்கு ஒதுக்கிய 650இல் 400 ஊருக்குப் போனால் மிச்சம் 250. வட்டிக்கே காணாது. மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பீர்கள், கடன் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆர்ஆர்எஸ்பியைத் தொடவேண்டாம். ஒன்ராறியோவில் 15,000க்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் வங்கி 30% வரியைப் பிடித்துக்கொண்டுதான் தரும். 22,000ஐயும் உடைத்தால் கைக்கு வருவது 15,400. உங்கள் மொத்தக் கடன் 18,200! ஓய்வுக்காலச் சேமிப்பும் போய், கடனும் தீராமல் நிற்கும். எடுத்த தொகை அந்த வருட வருமானத்தோடு சேரும், அதனால் அடுத்த யூலையிலிருந்து பிள்ளைகளுக்கு வரும் சைல்ட் பெனிஃபிட் காசும் குறையும். எடுத்த தொகையைத் திரும்பப் போட ஆர்ஆர்எஸ்பியில் இடம் (போட அனுமதித்த அளவு) மறுபடி கிடைக்காது என்பது வேறு.

ரிஎஃப்எஸ்ஏ அப்படியல்ல. எடுப்பதற்கு வரி இல்லை, வருமானமாகவும் கணக்கில் வராது, எடுத்த அளவு இடம் அடுத்த ஜனவரி 1ஆம் திகதி திரும்ப வந்துவிடும். ஆகவே அதில் 1,500ஐ அவசரத்துக்கு விட்டுவிட்டு 7,500ஐ எடுத்துக் காட்டில் கட்டுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கையில் காசு வந்துவிட்டதென்று இதே வருடத்தில் திரும்பப் போடவேண்டாம். வேறு இடம் மீதி இல்லாவிட்டால், கூடுதலாகப் போட்ட தொகைக்கு மாதம் 1% அபராதம்.

ஏடிஎம்மில் எடுத்த 3,600ஐ முதலில் கழிக்கச் சொல்லலாமா என்று நினைப்பீர்கள். ஒரே காட்டுக்குள் அது உங்கள் கையில் இல்லை. மினிமம் தொகைக்கு மேல் கட்டுவதை, வட்டி கூடிய பகுதிக்கு முதலில் போடவேண்டும், அல்லது எல்லாப் பகுதிக்கும் விகிதப்படி பிரித்துப் போடவேண்டும் என்பது சட்டம். எந்த முறை என்பதை வங்கி தீர்மானிக்கும். அடுத்த முறைக்கு ஒன்று நினைவிருக்கட்டும்: கிரெடிட் காட்டில் காசாக எடுத்தால் வட்டியில்லாத 21 நாள் சலுகையெல்லாம் கிடையாது, எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். அதற்கு மேல் வெளிநாட்டு நாணயத்துக்கென்று வழமையாக 2.5% வேறு. யாழ்ப்பாணத்து ஏடிஎம்மில் டெபிட் காட்டைப் போட்டிருந்தால் அந்த வட்டியாவது மிஞ்சியிருக்கும்.

சரி, 7,500 கட்டிய பிறகு காட்டில் 5,900 நிற்கும். லைன் ஒஃப் கிரெடிட்டில் 5,200க்கு இடம் இருக்கிறதே, அதை எடுத்துக் காட்டுக்கு மாற்றிவிடுங்கள். இப்போது காட்டில் 700, லைனில் 10,000. மாத வட்டி 278இலிருந்து ஏறக்குறைய 91க்கு இறங்கிவிடும். இது வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: காட்டை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டவேண்டும். பழைய பாக்கி நிற்கும்வரை இன்று வாங்கும் மரக்கறிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. கடையில் டெபிட் போதும். இப்படி இடம் மாற்றிவிட்டு, காட்டை மறுபடி நிரப்பி, இரண்டு கடனோடு என்னிடம் வந்தவர்களை எண்ண விரல் காணாது.

சீட்டு பற்றிக் கணவரோடு சண்டை பிடிக்கவேண்டாம், கணக்கை மட்டும் காட்டுங்கள். அவசரத்துக்கு முதலிலேயே சீட்டை எடுப்பவர்தான் கூடிய கழிவு கொடுக்கிறார். 20 பேர் மாதம் 500 டொலர் போடும் 10,000 சீட்டு என்று வையுங்கள். 2,000 கழிவில் எடுத்தால் கைக்கு 8,000. பிறகு இருபது மாதம் முடியும்வரை கட்டவேண்டும். அதுவும் கடன்தான், பெயர் வேறு. சீட்டுக்காரர் கைவிட்டால் காசைத் திரும்ப எடுப்பது பெரும் பாடு.

இனிக் கூரைக்கு வருவோம். போவதற்கு முதல்நாள் இரவு, விறாந்தையில் எல்லாரும் சுற்றியிருந்து அழும்போது வாயில் வருகிற தொகைக்கும் இங்கே வரும் சம்பளத்துக்கும் சம்பந்தமே இருக்காது. நானும் அப்படி ஒன்று சொல்லிவிட்டு வந்து, மூன்று வருடம் அதைக் கட்டியவன். ஒரு மருமகனின் படிப்புக்கு என்று தொடங்கியது, படிப்பு முடிந்த பிறகும் நின்றபாடில்லை. நிறுத்தச் சொல்ல எனக்குக் கூச்சம், வேண்டாமென்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

400 என்று சொன்னீர்கள், எத்தனை மாதம் என்று சொன்னீர்களா? கூரைக்கு மொத்தம் எவ்வளவு? கடிதத்தில் இரண்டும் இல்லை. மேலே சொன்னபடி கடனை மாற்றிய பிறகும் மாதம் 250 தான் கட்டினால் முடிய நாலு வருடத்துக்கு மேல் போகும். முழு 650ஐயும் கட்டினால் ஒன்றரை வருடம். 150ஐ ஊருக்கு அனுப்பிவிட்டு 500 கட்டினால் இரண்டு வருடம். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி வழிதான். வாக்கை முழுதாக முறித்துவிட்டு உங்களால் நித்திரை கொள்ளமுடியாது என்று கடிதத்திலேயே தெரிகிறது.

ஆனால் ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும், மாதம் 150ஐப் பார்த்துக்கொண்டு மழை நிற்காது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு எடுத்து, ஒழுகுகிற இடத்து ஓடுகளையும் சலாகைகளையும் மட்டும் இப்போது மாற்ற எவ்வளவு முடியும் என்று மேசனிடமோ தச்சரிடமோ கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 600 டொலருக்குள் முடியுமானால், ரிஎஃப்எஸ்ஏயில் விட்ட 1,500இலிருந்து நாலு மாதக் காசை ஒன்றாக அனுப்பிவிடலாம். அடுத்த நாலு மாதமும் அந்த 150ஐச் சாதாரண சேமிப்புக் கணக்கில் போட்டு ஓட்டையை அடையுங்கள். முழுக் கூரைக்கும் மொத்தத் தொகையைக் கேட்டு, அதில் உங்கள் பங்கு இவ்வளவு, இத்தனையாம் மாதத்தோடு முடியும் என்று அதே அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். லண்டனிலோ பாரிஸிலோ உங்கள் சித்தப்பாவின் வேறு பெறாமக்கள் இருப்பார்கள் அல்லவா? அவர்களையும் இணைப்பில் எடுங்கள்.