கார்டில் மேனேஜர், கையில் அதே பை

கேள்வி: எனக்கு 28 வயது. நான்கு வருடமாக மருந்து கம்பெனியில் ரெப், டாக்டர்களைப் பார்த்து கம்பெனி மருந்துகளை எடுத்துச் சொல்லும் வேலை. இப்போது இன்னொரு கம்பெனி ‘டெரிடரி பிசினஸ் மேனேஜர்’ என்று ஆஃபர் கொடுத்திருக்கிறது. சம்பளம் மாதம் 1,500 ரூபாய்தான் கூடுதல். விசாரித்தவரை வேலையும் இதே வேலைதான். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். “மாப்பிள்ளை மேனேஜர்னு சொல்லிக்கலாம், போயிடுப்பா” என்கிறார் அப்பா. போகலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தம்பி, அப்பா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பெண் வீட்டில் ‘ரெப்’ என்றால் என்ன வேலை என்று விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே ‘மெடிக்கல் ரெப்ரசன்டேடிவ்’ என்று போட்டிருந்தார்கள். மாமனாரின் அண்ணன் கடைசிவரை நான் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகவே நினைத்திருந்தார். ஒருமுறை ஊசி போடச் சொல்லிக் கையையே நீட்டிவிட்டார்.

ஆனால் விசிட்டிங் கார்டை நீங்கள் பெண் வீட்டில் மட்டும் நீட்டப்போவதில்லையே. நான் ரெப்பாகச் சேர்ந்த ஏழாவது வருடம், எங்கள் கம்பெனியில் சம்பள உயர்வு கேட்டுக்கொண்டிருந்தோம். உயர்வு வரவில்லை, புது கார்டு வந்தது. அன்றிலிருந்து ரெப்புகள் எல்லோரும் ‘பிசினஸ் மேனேஜர்’. பை அதே பை, எந்த நாள் எந்த ஊர் என்ற டூர் புரோகிராம் அதே, டி.ஏ. என்கிற தினப்படியும் அதே. நானும் குஷியாகத்தான் விருதுநகரில் எங்கள் மருந்தை மொத்தமாக வாங்கி விற்கும் ஸ்டாக்கிஸ்ட் கடைக்குப் போனேன். அண்ணாச்சி கார்டைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டு, “மேனேஜர் ஆயாச்சா? உக்காருங்க” என்றார். டீ சொன்னார். ஏழு வருடத்தில் அந்தக் கடையில் நான் குடித்த முதல் டீ அது. பாதி குடிப்பதற்குள் பையன் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

“எக்ஸ்பைரி சரக்கு. ஒம்பதாயிரம் வருது. அந்தப் பணத்தைக் கழிச்சுக்கிற மாதிரி கிரெடிட் நோட்டு போட்டுக் குடுத்துருங்க.”

“ஏரியா மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன் அண்ணாச்சி.”

அவர் கார்டைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். “சரி, அப்ப அவரு கார்டைக் குடுங்க” என்றார். மறுமாதம் டீ வரவில்லை.

அதனால் புது கம்பெனியிடம் இதைக் கேளுங்கள்: ஸ்டாக்கிஸ்டுக்கு நானே ஏதாவது முடிவு சொல்ல முடியுமா? எக்ஸ்பைரி, ஸ்கீம், ஒரு வாரம் கூடுதல் கடன், எதுவானாலும் சரி. எனக்குக் கீழே யாராவது ரிப்போர்ட் செய்வார்களா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் அது ரெப் வேலைதான். நான் பின்னாளில் ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தபோது கார்டைப் பார்த்ததே இல்லை. ‘ரீஜனல் பிசினஸ் ஹெட்’ என்று ஒரு பையன் வந்தான், 26 வயது. கீழே எத்தனை பேர் என்றேன். ஒருவரும் இல்லை. சரி, உன் டெரிடரியில் உன் மருந்தை அதிகம் எழுதிக்கொடுக்கும் ஐந்து டாக்டர்கள் யார், உன் பிராண்ட் மாதம் எவ்வளவு போகிறது என்றேன். விட்டத்தைப் பார்த்தான். அடுத்து வந்தவன் வெறும் ரெப். ஸ்டாக்கிஸ்ட் வாரியாக செகண்டரி சேல்ஸ், அதாவது அவர்களிடமிருந்து மருந்துக் கடைகளுக்குப் போன சரக்குக் கணக்கு, எழுதிய நோட்டைக் கொண்டுவந்திருந்தான், அட்டை கிழிந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. அவனைத்தான் எடுத்தேன்.

அந்த 1,500-க்கு வருகிறேன். பழனியை அன்றே போய்த் திரும்பும் எக்ஸ்-ஸ்டேஷன் கணக்கில் வைக்கிறார்களா, இரவு தங்கும் அவுட்-ஸ்டேஷனிலா? இப்போது கிடைக்கும் அலவன்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கூடுதல் சம்பளம் அங்கேயே காணாமல் போய்விடலாம். ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பீரியடையும் பாருங்கள். ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்ததும் 30 நாளை 90 நாளாக்கிவிடும் கம்பெனிகள் உண்டு. அடுத்த நல்ல வேலை வரும்போது அந்த மூன்று மாதம் கழுத்தைப் பிடிக்கும்.

என்னைக் கேட்டால் இதற்காக மாறாதீர்கள். இப்போதைய ஏரியா மேனேஜரிடமே போய், ஆஃபரைச் சொல்லி, ‘பிசினஸ் மேனேஜர்’ என்று கார்டு அடித்துத் தரச் சொல்லுங்கள். பணம் கேட்டால்தான் மேலே கேட்க வேண்டும் என்பார்கள். கார்டுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது, பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அப்பா பத்திரிகையில் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் ரெப்புகளை எல்லாம் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். இனி தொழிலாளர் சட்டம் உங்களுக்குக் கிடையாது என்கிறார் ஹெச்.ஆர். உண்மையா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெயர்ப்பலகையை மாற்றினால் சட்டம் மாறிவிடாது. பதவியின் பெயர் என்ன என்பதை அல்ல, அந்த ஆள் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. ரெப்புகளுக்கு இதில் ஒரு நீண்ட கதை உண்டு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் மெடிக்கல் ரெப் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொன்னது. ஆனால் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென்றே 1976-ல் வந்த தனிச் சட்டம் அந்தப் பாதுகாப்பை நமக்கு நீட்டியிருந்தது. 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்போ, ‘தொழிலாளர்’ வரையறைக்குள்ளேயே நம்மைச் சேர்த்துவிட்டது. அதற்கு வெளியே நிற்பவர்கள் முக்கியமாக நிர்வாக வேலை பார்ப்பவர்களும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும். டாக்டர் அறை வாசலில் பையோடு காத்திருப்பது யாரை மேற்பார்வையிடும் வேலை என்று உங்கள் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். கிராஜுவிட்டியைப் பொறுத்தவரை சண்டையே வேண்டாம், அது மேனேஜருக்கும் உண்டு.

டெய்லி ரிப்போர்ட், டூர் புரோகிராம் நகல்களைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

கேள்வி: தனியார் வங்கியில் சேல்ஸில் இருக்கிறேன். இந்த வருடம் ‘அசிஸ்டன்ட் வைஸ் பிரசிடென்ட்’ ஆகிவிட்டேன். துணை ஜனாதிபதி மாதிரி ஏதோ என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் லோன் கேட்டு வருகிறார்கள். என்ன செய்ய?
- வாசகி, கோவை

பதில்: அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கிகளில் வைஸ் பிரசிடென்ட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் அம்மா. இதைச் சொந்தக்காரர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். லோன் கேட்டு வருகிறவர்களிடம் மூன்று வருட ஐ.டி. ரிட்டர்னும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேளுங்கள், பாதிப்பேர் வாசலோடு போய்விடுவார்கள். மீதிப்பேரை உங்கள் டார்கெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.