ஆவி பிடிக்கும் மெஷினில் ஆவி வராததற்கு

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு: ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் ஆவியே வரவில்லை, போர் தண்ணீரில் வருகிறது என்கிறீர்கள். மெஷின் கெடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே பாருங்கள். இரண்டு தகடோ கம்பியோ தண்ணீரில் முங்குகிறதா? அப்படியானால் தண்ணீர் வழியாகவே கரண்ட் பாய்ந்து சூடாகிற வகை. உப்புச்சத்து இல்லாத தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது. ஒரு சிட்டிகை கல்லுப்பு போதும். கூடினால் கரண்ட் அதிகம் இழுத்து கொதிநீர் தெறிக்கும், ஃபியூஸும் போகலாம். ஓடும்போது அந்தத் தண்ணீரிலேயே கரண்ட் இருக்கும். மூடியைத் திறக்கவோ விரல் விடவோ கூடாது.

உள்ளே வழவழப்பான கிண்ணம் மட்டும் என்றால் அது ஹீட்டர் வகை. அதற்கு உப்பு வேண்டாம், ஆர்ஓ தண்ணீரே நல்லது.

உங்கள் பக்கத்து போர் தண்ணீர் தகட்டில் வெள்ளையாகப் படியும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி ஊறவையுங்கள், சுரண்ட வேண்டாம்.

யூகலிப்டஸ் தைலத்தைத் தொட்டியில் ஊற்றினீர்கள் அல்லவா, அதுதான் தப்பு. பிளாஸ்டிக் விரிசல் விடும். ஆவி வரும் வாயருகே பஞ்சில் இரண்டு சொட்டு போதும். முகம் ஓரடி தள்ளியே இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தைலமும் கற்பூரமும் வேண்டவே வேண்டாம், வலிப்பு வரக்கூடும்.