ஓய்வுக்குப் பின் என்ன தொழில்? மோட்டோகிராஸ் வீரர்கள் பற்றி வாசகர் கேட்டவை

கேள்வி: மோட்டோகிராஸ் வீரர்கள் இளம் வயதிலேயே பந்தயத்தை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கிவிடுகிறார்களே, ஏன்?

உடம்பு அதற்கு மேல் இடம் கொடுப்பதில்லை என்பதே முதல் காரணம். நூறு கிலோவைத் தாண்டும் மோட்டார் சைக்கிளை, மேடும் பள்ளமுமான மண் தடத்தில், பெரும்பாலும் இருக்கையில் உட்காராமல் நின்றபடியே அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். சிறிது ஓய்வெடுத்துவிட்டு அன்றே மறுபடியும் அதேபோல் ஓட்ட வேண்டும். இதற்கிடையே எலும்பு முறிவு என்பது சளி, காய்ச்சல்போல வந்து போகும். ரிக்கி கார்மைக்கேல் 2007-இலும் ரயன் டஞ்சி 2017-இலும் முழுநேரப் பந்தயத்திலிருந்து விலகியபோது இருவருக்கும் வயது 27. ரயன் வில்லப்போட்டோ 2015-இல் விலகியபோது அவருக்கு 26. மற்றவர்கள் வேலையில் காலூன்றத் தொடங்கும் வயது அது. எஞ்சியிருக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு ஏதாவது ஒன்றைச் செய்துதானே ஆக வேண்டும்?

கேள்வி: இவர்கள் தொடங்கிய நிறுவனங்களில் உண்மையிலேயே நிலைத்து நின்றவை எவை? எதனால் நின்றன?

வண்டியின் மேல் இருந்தபோது தமக்கே உறுத்திய ஒரு குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்களின் நிறுவனங்களே பெரும்பாலும் நின்றன என்பது என் எண்ணம்.

சுவீடனைச் சேர்ந்த டோர்ஸ்டன் ஹால்மனை முதலில் சொல்ல வேண்டும். 1962, 1963, 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் 250 சிசி பிரிவில் உலகப் பட்டம் வென்றவர் அவர். ஹஸ்க்வர்னா வண்டிகளை அமெரிக்காவில் இறக்குமதி செய்து விற்ற எடிசன் டையின் அழைப்பின்பேரில் 1966-இல் அங்கு சென்று, ஐரோப்பாவில் மோட்டோகிராஸ் எப்படி ஓட்டப்படுகிறது என்பதைக் காட்டினார். சாதாரண ஜீன்ஸ் அணிந்து ஓட்டிக்கொண்டிருந்த அமெரிக்க இளைஞர்கள், அவருடைய வேகத்தோடு அவர் உடுத்தியிருந்ததையும் கவனித்தார்கள். முழங்காலில் அடிபடாமல் காக்கும் கால்சட்டை, பிடி நழுவாத கையுறை, கணுக்காலைத் தாங்கும் பூட்ஸ் ஆகியவற்றை விற்பதற்காக அவர் தொடங்கிய நிறுவனமே இன்று உலகெங்கும் பந்தய உடைகளில் காணப்படும் 'தோர்'. அது பின்னர் லீமேன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் நிறுவியவரின் கையை விட்டுப் போன பிறகும் ஒரு பெயர் விற்கிறது என்றால், அந்தச் சரக்கு அவருடைய புகழை மட்டும் நம்பி இருக்கவில்லை என்றுதானே பொருள்?

இங்கிலாந்தின் ரிக்மன் சகோதரர்களான டெரிக்கும் டானும், தாம் ஓட்டிய வண்டிகளின் சட்டகம் தேவையில்லாத கனத்தோடு இருப்பதாகக் கருதித் தாமே ஒன்றைச் செய்துகொண்டார்கள். பிறகு அதையே 'மெட்டிஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் எண்ணெய்க்குத் தனித் தொட்டி எதற்கு என்று கேட்டு, சட்டகத்தின் குழாய்களுக்குள்ளேயே எண்ணெயைச் சுற்றவிட்டது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். ஒரு பாகம் குறைந்தால் அதன் எடையும் குறைகிறது, விழும்போது உடைவதற்கும் ஒன்று குறைகிறது. சேற்றில் விழுந்து எழுந்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு எளிதில் தோன்றும்.

மிட்ச் பேட்டனை மோட்டோகிராஸ் வீரர் என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாது. அவர் ஓட்டியது பாலைவனப் பந்தயம். ஆனால் அவரை விட்டுவிட்டு இந்தப் பதிலை முடிக்கவும் முடியாது. பதின்ம வயதிலேயே விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர், கலிபோர்னியாவில் 'ப்ரோ சர்க்யூட்' நிறுவனத்தை உருவாக்கினார். அதற்குப் பெயர் வாங்கிக்கொடுத்தவற்றுள் முக்கியமானது புகைக்குழாய். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகைக்குழாய் என்பது புகையை வெளியேற்றும் வழி மட்டுமன்று. நடுவில் விரிந்து மறுமுனையில் குறுகும் அந்தக் குழாயினுள் அழுத்த அலை ஒன்று போய்த் திரும்பி வருகிறது. வீணாக வெளியேறவிருந்த பெட்ரோல் கலவையை, புகை வெளியேறும் துளை மூடுவதற்குச் சற்று முன்னர் அந்த அலை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. எந்தச் சுற்றுவேகத்தில் அலை சரியாக வந்து சேர வேண்டும் என்பதைக் குழாயின் நீளமும் கூம்பின் சரிவும் முடிவு செய்கின்றன. தகட்டை வளைத்து, கூம்புகளாக வெட்டி, பற்றவைத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடியும் வெட்டுவதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. சிறிய பட்டறையும், வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் எங்கே திணறுகிறது என்பதை உணரத் தெரிந்த ஆளும் போதும்.

கேள்வி: புகழ்பெற்ற வீரரின் பெயரைச் சட்டையில் அச்சிட்டாலே விற்காதா?

விற்கும். எவ்வளவு காலத்துக்கு என்பதில்தான் சிக்கல். 1980-இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் தடத்தில் நடந்த அமெரிக்க 500 சிசி கிராண்ட் பிரியை வென்ற முதல் அமெரிக்கர் மார்ட்டி மோட்ஸ். அவர் பின்னர் சிமோ சகோதரர்களுடன் சேர்ந்து 'நோ ஃபியர்' என்ற ஆடை நிறுவனத்தை நிறுவினார். சவால் விடும் வாசகங்கள் அச்சிட்ட அந்தச் சட்டைகளை, தொண்ணூறுகளில் மோட்டார் சைக்கிளைத் தொட்டே பார்த்திராதவர்களும் வாங்கி அணிந்தார்கள். ஆனால் 2011-இல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. எல்லோரும் அணிந்துவிட்டால் பழகிப் போய்விடுவது உடை நாகரிகத்தின் இயல்பு. முழங்கால் காப்புக்கு அந்தக் கவலை இல்லை.

பிரையன் டீகனும் லாரி லிங்கோகிலும் சேர்ந்து தொடங்கிய 'மெட்டல் மலிஷா' சற்று வேறு வகை. அவர்கள் வெறும் பெயரை விற்காமல், ஃப்ரீஸ்டைல் எனப்படும் சாகச ஓட்டத்தைச் சுற்றி ஒரு குழுவையே உருவாக்கி, அந்தக் குழுவின் அடையாளமாக உடையை விற்றார்கள். இன்னொரு ஃப்ரீஸ்டைல் வீரரான கேரி ஹார்ட் 2004-இல் லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட விடுதி ஒன்றில் பச்சை குத்தும் கடையைத் திறந்தார். ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லாத இடம் அது என்பதால், துணிச்சலைவிடக் கணக்கே அதில் அதிகம் என்பேன்.

கேள்வி: சொந்தமாகப் பந்தய அணி நடத்துவது நல்ல தொழிலா?

ஆசைக்கு நல்லது. அணிக்கு வருமானம் பரிசுத் தொகையிலிருந்து வருவதில்லை, விளம்பரதாரர்களிடமிருந்து வருகிறது. கார்மைக்கேலும் ஹார்ட்டும் சேர்ந்து நடத்திய அணிக்காக ஓட்டிய கென் ராக்சன் 2016-இல் அமெரிக்காவின் திறந்தவெளித் தடப் பந்தயப் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு முடிவிலேயே அணி மூடப்பட்டது. டஞ்சி பங்குதாரராகச் சேர்ந்த கெய்க்கோ ஹோண்டா அணியும் 2020-ஆம் ஆண்டோடு நின்றது. பட்டம் வென்ற அணியே விளம்பரதாரர் விலகினால் தாங்காது என்னும்போது, வாழ்நாள் சேமிப்பை அதில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: பந்தயத்தோடு நேரடித் தொடர்பில்லாத தொழிலில் வென்றவர்கள் உண்டா?

உண்டு. 500 சிசி உலகப் போட்டியில் 1968, 1969 ஆண்டுகளில் இரண்டாம் இடம் பெற்ற ஜான் பேங்க்ஸ், இங்கிலாந்தில் கார் விற்பனை நிலையங்களை நடத்தினார். இவரைவிட எனக்குப் பிடித்தவர் 1960, 1961 ஆண்டுகளில் 250 சிசி ஐரோப்பியப் பட்டம் வென்ற டேவ் பிக்கர்ஸ். சஃபோக் பகுதியில் அவர் தொடங்கிய 'பிக்கர்ஸ் ஆக்‌ஷன்' திரைப்படங்களுக்கான வாகன ஏற்பாடுகளைச் செய்து தரும் நிறுவனம். நடிகர் கார் ஓட்டியபடி வசனம் பேசும் காட்சியில், பல நேரங்களில் அந்தக் கார் தரையை ஒட்டிய தாழ்வான வண்டி ஒன்றின் மேல் நிற்கும். முன்னால் வேறொருவர் ஓட்டுவார். கேமரா பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும். குலுங்கும் வாகனத்தில் எதை எங்கே கட்டினால் நிற்கும், எது பிய்த்துக்கொண்டு போகும் என்பதை அறிந்தவருக்கு இது அந்நியமான தொழிலே அன்று.

கேள்வி: நான் இன்னும் பந்தயத்தில் இருக்கிறேன். தொழிலை இப்போதே தொடங்கலாமா, ஓய்வு வரை காத்திருக்கலாமா?

இப்போதே தொடங்குங்கள், சிறிய அளவில் போதும். ட்ராய் லீ பந்தயம் ஓட்டிய காலத்திலேயே மற்றவர்களின் ஹெல்மெட்டுகளுக்கு வண்ணம் தீட்டத் தொடங்கியவர். அதுவே பின்னர் ஹெல்மெட்டும் உடையும் விற்கும் பெரிய நிறுவனமானது. ஆனால் முதலில் உங்கள் ஒப்பந்தங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உடை தரும் விளம்பரதாரரோடு நீங்கள் கையெழுத்திட்ட தாளில், போட்டிச் சரக்கு எதையும் விற்கக் கூடாது என்ற விதி இருக்கக்கூடும். பந்தய எண்ணைப் பெயராக வைக்கும் ஆசை பலருக்கும் உண்டு. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் உடை நிறுவனம் 'செவன்', சாட் ரீடின் அணி 'டூ டூ' (22), இரண்டுமே அவரவர் வண்டியில் இருந்த எண்கள்தாம். ஆனால் எண்ணை ஒதுக்குவது போட்டி அமைப்பு என்பதால், அதைச் சரக்கில் அச்சிடும் முன் வணிகக் குறியீடாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.