பராமரிப்புக் கட்டண பாக்கிக்காகச் சங்கம் வீட்டு மின்சாரத்தை நிறுத்தலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில், தரைத்தளமும் இரண்டு மாடிகளும் கொண்ட, லிஃப்ட் இல்லாத எட்டு வீட்டுக் குடியிருப்பில் தரைத்தள வீடு ஒன்றை மறுவிற்பனையில் வாங்கினேன். என் வீட்டுக்குத் தனி மின் இணைப்பு உண்டு. ஆனால் அது இன்னும் கட்டுநர் பெயரிலேயே இருக்கிறது. மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான பொது மின் இணைப்பின் கட்டணம் மிக அதிகமாக வருகிறது. அதற்குச் சங்க நிர்வாகிகள் விளக்கம் தராததால் நான்கு மாதங்களாகப் பராமரிப்புத் தொகையை நிறுத்திவைத்தேன். சென்ற வாரம் செயலாளர் மீட்டர் பலகையில் என் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எடுத்துச் சென்றார். உறவினர்கள் பேசிய பிறகே திருப்பித் தந்தார். மீண்டும் செய்வேன் என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? மாடிப்படியே ஏறாத நான் பொது மின்கட்டணத்தில் பங்கு தர வேண்டுமா?

பதில்: செயலாளர் செய்தது சட்டத்துக்குப் புறம்பானது. அதே வேளையில், நீங்கள் பராமரிப்புத் தொகையை நிறுத்திவைத்ததும் சரியான வழியல்ல. இவை இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டரும் தனி இணைப்பு எண்ணும் இருப்பதால், மின்சாரம் வழங்கும் உறவு உங்களுக்கும் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கும் இடையிலானது. சங்கம் அதில் ஒரு தரப்பே அல்ல. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கட்டடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ கேட்டால் மின்சாரம் வழங்கும் கடமையை உரிமம் பெற்ற விநியோக நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. மின்கட்டண பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் 56ஆம் பிரிவில் உள்ளது. அந்த அதிகாரம்கூட உரிமம் பெற்ற நிறுவனத்துக்கோ மின் உற்பத்தி நிறுவனத்துக்கோ உரியது. அதையும் 15 முழு நாள்கள் எழுத்துபூர்வ முன்னறிவிப்பு கொடுத்த பிறகே பயன்படுத்த முடியும். மின்வாரியத்துக்கே இத்தனை கட்டுப்பாடு இருக்கும்போது, வேறொரு கணக்கில் உள்ள பாக்கிக்காக, அறிவிப்பு ஏதுமின்றி, சங்கச் செயலாளர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவதற்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை. பொதுக்குழுத் தீர்மானம் இருக்கிறது என்று அவர் சொல்லலாம்; தன்னிடம் இல்லாத அதிகாரத்தை ஒரு சங்கம் தீர்மானம் போட்டு உண்டாக்கிக்கொள்ள முடியாது.

வீட்டு உரிமையாளர் தடையின்மைச் சான்று தர மறுத்தார் என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்கக்கூடாது என்றும், மின்சாரம் ஒருவரிடமிருந்து பறிக்க முடியாத அடிப்படை வசதி என்றும் உச்ச நீதிமன்றம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் 2022இல் கூறியது. அது வாடகை தொடர்பான வழக்கு என்றாலும், அந்தக் கோட்பாடு உங்களுக்கும் துணை நிற்கும். மேலும், மின்சாரத்தைத் துண்டிக்கும் நோக்கத்துடன் மின்பாதையையோ மின் சாதனங்களையோ வெட்டுவதும் சேதப்படுத்துவதும் மின்சாரச் சட்டத்தின் 140ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். ஃபியூஸ் கட்டையை அகற்றுவது மட்டும் அந்தப் பிரிவுக்குள் அடங்குமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. ஆகவே அதை மட்டும் நம்பிக் காவல் நிலையத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுபடியும் துண்டித்தால், முதலில் மின்வாரியத்தின் நுகர்வோர் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம், மீட்டர் பலகையின் புகைப்படத்துடன் எழுத்துபூர்வ மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். மிரட்டல் தொடர்ந்தால், மின் விநியோகத்தில் குறுக்கிடக்கூடாது என்று சங்கத்துக்கும் செயலாளருக்கும் எதிராக உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தரத் தடையாணையும், வழக்கு முடியும் வரை இடைக்காலத் தடையும் கோரலாம். மின்சாரச் சட்டத்தின் 145ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றங்களைத் தடுக்கிறது என்ற எதிர்வாதம் வரும். மதிப்பீட்டு அலுவலர் போன்ற அதிகாரிகள் அச்சட்டத்தின்படி முடிவு செய்ய வேண்டிய விஷயங்களுக்கே அந்தத் தடை. அண்டை வீட்டார் ஃபியூஸ் பிடுங்குவதற்கு அது பொருந்தாது.

ஆனால் நீதிமன்றம் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, பாக்கியைச் செலுத்தினீர்களா என்பதுதான். பொதுச் செலவில் பங்கு தருவது ஒவ்வொரு வீட்டு உரிமையாளரின் கடமை. மாடிப்படி ஏறுவதில்லை என்ற காரணம் அதற்கு விலக்காகாது. நீங்கள் குடிக்கும் நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதும் அதே பொது மின் இணைப்பில் ஓடும் மோட்டார்தான். பங்கைச் சமமாகப் பிரிப்பதா, பிரிக்கப்படாத நிலப் பங்கின் விகிதத்தில் பிரிப்பதா என்பது உங்கள் சங்கத்தின் துணைவிதிகளைப் பொறுத்தது; அவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நான்கு மாத பாக்கியை வங்கி வழியாகச் செலுத்தி, "ஆட்சேபத்துடன், உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்தப்படுகிறது" என்று ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு செயலாளரின் கையில் பேசுவதற்கு எதுவும் இருக்காது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது பொது இணைப்பின் கட்டண விகிதம். 2022 செப்டம்பர் வரை இத்தகைய பொது இணைப்புகள் வீட்டு உபயோகக் கட்டணத்திலேயே இருந்தன. அந்த மாதம் வந்த கட்டண ஆணை அவற்றைத் தனி வகையாகப் பிரித்து யூனிட்டுக்கு 8 ரூபாய் நிர்ணயித்தது. பின்னர் அது 8 ரூபாய் 15 காசானது. 2023 நவம்பர் முதல், 10 வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிகளுக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் உள்ள குடியிருப்புகளுக்கு இது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. இந்த விகிதங்கள் அதன் பிறகும் திருத்தப்பட்டுள்ளன. நீங்கள் சொல்லும் விவரப்படி உங்கள் குடியிருப்பு மூன்று நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது. எனவே பொது மின்கட்டண ரசீதில் அச்சாகியுள்ள கட்டண வகையைப் பாருங்கள். உயர் விகிதமே தொடர்கிறது என்றால், கட்டட அனுமதி வரைபடம், எட்டு வீடுகளின் சொத்துவரி ரசீதுகள், கட்டடத்தின் புகைப்படம் ஆகியவற்றுடன் வகை மாற்றம் கோரிப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

இதுவரை கூடுதலாகக் கட்டிய தொகையையும் கேளுங்கள். நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் வசூலித்தால், அந்த உபரியை வங்கி விகித வட்டியுடன் திரும்பப் பெறும் உரிமையை மின்சாரச் சட்டத்தின் 62(6) பிரிவு தருகிறது. மனு கொடுத்த நாளிலிருந்துதான் சலுகை என்று அலுவலகம் வாதிடக்கூடும். அப்போது மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அங்கும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். இந்த மனுவைச் சங்கமே கொடுப்பதுதான் வலுவானது. ஃபியூஸ் விவகாரத்தில் உங்கள் எதிர்த்தரப்பான அதே செயலாளர்தான் இதில் கையெழுத்திட வேண்டியவர் என்பதால், பாக்கித் தொகையையும் இந்த யோசனையையும் ஒரே நாளில் அவரிடம் கொடுப்பது நல்லது. பிற்காலத்தில் லிஃப்ட் பொருத்த நினைத்தால் இந்தச் சலுகை போய்விடும் என்பதையும் உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உங்கள் வீட்டு இணைப்பைக் கிரயப் பத்திரத்தின் அடிப்படையில் உங்கள் பெயருக்கு உடனே மாற்றுங்கள். பொது இணைப்பும் கட்டுநர் பெயரில் இருந்தால், அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றும் முன் பழைய பாக்கி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முந்தைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியைப் புதிய உரிமையாளரிடம் கேட்க வகைசெய்யும் விதிகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கே.சி. நினான் வழக்கில் 2023இல் தீர்ப்பளித்துள்ளது.