90 கிலோமீட்டர் தாண்டியதும் கால் ஓய்ந்துபோகிறதா?

வணக்கம். குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்ட சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு 150 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டப் போகிறீர்கள், பயிற்சியில் 90 தாண்டியதும் கால் ஓய்ந்துபோகிறது என்கிறீர்கள். வெறும் தண்ணீரோடு ஓட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ குறை காலில் இல்லை, சாப்பாட்டில்தான் என்று படுகிறது. தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள். முதல் மணியிலிருந்தே மணிக்கு இரண்டு வாழைப்பழம், இல்லாவிட்டால் ஒரு பழமும் கடலைமிட்டாயும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு, சர்க்கரை. மாமல்லபுரம் வரை மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். விடியும் முன்பே கிளம்புங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) வெயில் பொல்லாதது.

அப்புறம், ஓட்டிய தூரத்தை வாராவாரம் நண்பர்களுக்கு எழுதுங்கள். எனக்கு நன்கொடை அப்படித்தான் சேர்ந்தது.