பாதியில் நின்றுபோன ‘ஃபயர்ஃபிளை’ தொடரை மீண்டும் பார்ப்பதில் பயன் உண்டா?

முடிச்சுகள் எதுவும் அவிழப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, 14 அத்தியாயங்களோடு நின்றுபோன ஒரு தொடரை எதற்காக இரண்டாம் முறை பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் பார்க்கலாம் என்பதே என் பதில். இந்தத் தொடரின் பலம் எனக்கு இரண்டாம் முறைதான் முழுமையாகப் புரிந்தது. முதல்முறை பார்க்கும்போது நாம் புதிர்களின் பின்னால் போகிறோம்: ரிவர் என்ற பெண்ணின் மூளையில் அரசாங்கம் என்ன செய்தது, புக் என்னும் பாதிரியார் முன்பு யாராக இருந்தார், கலத்தில் வாடகைக்குத் தங்கியிருக்கும் இனாரா எதை மறைக்கிறாள். விடை வராது என்பது தெரிந்துவிட்டால் கவனம் வேறு பக்கம் திரும்புகிறது. ஒன்பது பேர் ஒரு பழைய சரக்கு விண்கலத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள், அடுத்த வேலையும் கூலியும் எங்கிருந்து வரும், பழுதான பாகத்தை மாற்றப் பணம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. என்னைப் பொறுத்தவரை தொடர் இவற்றைப் பற்றியதுதான்.

பார்க்காதவர்களுக்காகச் சில விவரங்கள். ஜாஸ் வீடன் உருவாக்கிய இத்தொடரை அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2002 செப்டம்பர் 20 முதல் வெள்ளிக்கிழமைகளில் ஒளிபரப்பியது. கதை நடப்பது 2517ஆம் ஆண்டில். கோள்களையெல்லாம் ஒரே ஆட்சியின்கீழ்க் கொண்டுவர அலையன்ஸ் அரசு நடத்திய போரில் தோற்ற தரப்பில் நின்றவர்கள் கேப்டன் மால் ரெனால்ட்ஸும் அவனுக்கு அடுத்த பொறுப்பிலுள்ள ஸோயியும். போருக்குப் பின் ‘செரினிட்டி’ என்ற கலத்தில் சரக்கு ஏற்றியும், கடத்தியும், சில வேளைகளில் திருடியும் பிழைக்கிறார்கள். அந்த ஆண்டு டிசம்பருக்குள் தொடரை நிறுத்திவிட்டார்கள். 14இல் 11 அத்தியாயங்களே அந்த ஒளிபரப்பில் வந்தன.

வந்தவையும் எடுக்கப்பட்ட வரிசையில் வரவில்லை. எல்லோரையும் அறிமுகப்படுத்துவதற்காக எடுக்கப்பட்ட இரண்டு மணிநேர முதல் அத்தியாயத்தைக் கடைசியாக, டிசம்பர் 20 அன்று போட்டார்கள். இதனால் விளைந்த இழப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். அந்த முதல் அத்தியாயத்தில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் கெய்லி, புதிய கம்ப்ரெஷன் காயில் வேண்டும், இருப்பது உடைந்தால் விண்வெளியில் மிதந்துகொண்டிருக்க வேண்டியதுதான் என்று கேப்டனிடம் சொல்கிறாள். அப்படியானால் உடையாமல் இருக்கட்டும் என்று அவன் நகர்ந்துவிடுகிறான். எட்டாவதாக எடுக்கப்பட்ட ‘அவுட் ஆஃப் கேஸ்’ அத்தியாயத்தில் செயலிழப்பது அந்தக் காயிலின் ஒரு சிறு பாகம்தான். அமெரிக்க நேயர்கள் விபத்தை அக்டோபரிலும் எச்சரிக்கையை டிசம்பரிலும் கண்டார்கள். டிவிடியில் சரியான வரிசையில் பார்க்கும் நமக்கு, கையில் காசில்லாத ஒருவன் தள்ளிப்போட்ட செலவு ஏழு அத்தியாயங்கள் கழித்து அவன் உயிரைக் கேட்டு வந்து நிற்கிறது.

‘அவுட் ஆஃப் கேஸ்’ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டவற்றில் நான் மிக உயர்வாக மதிக்கும் அத்தியாயம் இது. டிம் மினியர் எழுதி, டேவிட் சாலமன் இயக்கியது. மூன்று காலங்கள் பின்னிப் பின்னி வருகின்றன: வயிற்றில் குண்டு பாய்ந்த மால் ஆளில்லாத கலத்தில் ஓர் எஞ்சின் பாகத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளாடுவது, அந்த நிலைக்கு அவனைக் கொண்டுவந்த விபத்து, ஒவ்வொருவரும் இந்தக் கலத்தில் முதன்முதலாகக் காலடி வைத்த பழைய நாள்கள். பழைய நாள்கள் சூடான நிறங்களிலும் கைவிடப்பட்ட கலம் குளிர்ந்த நீலத்திலும் இருப்பதால், எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்பதை யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலத்தின் மருத்துவன் சைமனின் பிறந்தநாளுக்கு மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் வெடிப்பு நிகழ்கிறது. மற்றவர்களை இரண்டு சிறு கலங்களில் அனுப்பிவிட்டு மால் மட்டும் தங்குகிறான். முதல்முறை அவன் பிழைப்பானா என்று பதறினேன்; பிழைத்துவிடுவான் என்று தெரிந்து பார்த்தபோது, இவர்களில் ஒருவரும் திட்டமிட்டுச் சேர்ந்தவரில்லை என்பது உறைத்தது. கெய்லி, அப்போது வேலையிலிருந்த மெக்கானிக்கைவிட நன்றாக எஞ்சினைப் பழுதுபார்த்ததால் அங்கேயே வேலைக்கு எடுக்கப்படுகிறாள். ஜெய்ன், கேப்டனைப் பிடித்துவைக்க வந்த கும்பலிலிருந்து அதிகக் கூலிக்காகவும் தனி அறைக்காகவும் கட்சி மாறியவன். இப்படிச் சேர்ந்தவர்கள்தான், கூப்பிடாமலேயே கேப்டனுக்காகத் திரும்பி வருகிறார்கள்.

சைமனின் கதையும் இரண்டாம் முறையில் கனம் கூடியது. தங்கை ரிவரை அரசின் பிடியிலிருந்து மீட்பதற்காக, புகழ்பெற்ற மருத்துவமனையில் கிடைத்த அறுவை மருத்துவர் பதவியையும் சொத்தையும் விட்டு வந்தவன் அவன். சிங்கப்பூரில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைப்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சேதி என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கைகழுவும் மகனிடம் ஒரு தகப்பன் என்ன சொல்வார் என்று எண்ணிப் பார்க்க நமக்குக் கற்பனை தேவையில்லை. ‘சேஃப்’ அத்தியாயத்தில் அந்தத் தகப்பன் வருகிறார். தங்கையைத் தேடப்போய்க் காவல் நிலையத்தில் சிக்கிய சைமனை மீட்டெடுத்துவிட்டு, இன்னொரு முறை உனக்காக வரமாட்டேன் என்கிறார். அதே அத்தியாயத்தின் முடிவில் ஒரு கிராமத்தார் ரிவரைச் சூனியக்காரி என்று எரிக்க முற்படும்போது, செரினிட்டி அவர்கள் தலைக்குமேல் வந்து நிற்கிறது. ஏன் திரும்பி வந்தீர்கள் என்று சைமன் கேட்கிறான். நீ என் ஆள்களில் ஒருவன் என்பதற்குமேல் மாலிடம் விளக்கம் இல்லை. பெற்றவர் வரமாட்டேன் என்றதையும் ஊர்பேர் தெரியாத கேப்டன் வந்ததையும் தொடர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசாமல் விட்டுவிடுகிறது. முதல் பார்வையில் இதை நான் கவனிக்கவேயில்லை. பின்னால் ‘ஏரியல்’ அத்தியாயத்தில் இந்த அண்ணன், தங்கை இருவரையும் காட்டிக்கொடுக்கும் ஜெய்ன்மீது மால் கொள்ளும் கடுங்கோபமும் இங்கிருந்தே புறப்படுகிறது.

கலத்தின் உட்புறத்தை மேல்தளம், கீழ்தளம் என இரண்டு தொடர்ச்சியான அரங்குகளாகக் கட்டியிருந்தார்கள். அதனால் கேமராவைக் கையில் பிடித்தபடி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வெட்டில்லாமல் நடக்க முடிந்தது. சில அத்தியாயங்கள் போனதும் சமையலறைக்கும் எஞ்சின் அறைக்கும் வழி நமக்கே தெரிந்துவிடுகிறது. விண்வெளிக் காட்சிகளில் வெடிச்சத்தம் கிடையாது. காற்றில்லாத இடத்தில் ஒலி இல்லை என்ற அறிவியலை மதித்தவர்கள் இவர்கள்.

ஆனால் சிங்கப்பூரில் இருந்து பார்க்கும் ஒருவர் மன்னிக்கத் தயங்கும் குறை ஒன்று உண்டு. அமெரிக்காவும் சீனாவும் கலந்து உருவான எதிர்காலம் இது என்பதால் பாத்திரங்கள் இடையிடையே மாண்டரின் பேசுகிறார்கள், சுவர்களில் சீன எழுத்து இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் சாப்ஸ்டிக் இருக்கிறது. ஆனால் அந்தக் கலத்தில் சீனர் ஒருவரும் இல்லை. ஒன்பது முதன்மைப் பாத்திரங்களில் ஒருவர்கூட ஆசிய முகம் கொண்டவர் அல்லர். என்னோடு தேசிய சேவை செய்த சீன நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன்; பல வசனங்கள் என்ன மொழி என்றே அவருக்குப் பிடிபடவில்லை, பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை வசவு. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊரில், உணவங்காடியில் அந்தந்த மொழியை அந்தந்த மனிதர்களோடு சேர்த்தே கேட்டு வளர்ந்த எனக்கு இது உறுத்துகிறது. மனிதர்களை வெளியே நிறுத்திவிட்டு மொழியை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டது தவறு என்றே நினைக்கிறேன். தொடரை நேசிப்பவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

எல்லா அத்தியாயங்களும் ஒரே தரமும் அல்ல. ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ எனக்கு ஒருபோதும் ஒட்டவில்லை. பழைய கௌபாய் படச் சட்டகம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. டிவிடி வரிசையில் கடைசியாக வரும் ‘ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்’ அத்தியாயத்தையோ, ரிவரின் கண்ணால் கலம் முழுவதையும் சுற்றிவர விடுவதற்காகவே, அவசரமில்லாத ஓர் இரவில் பாருங்கள்.

2005இல் வந்த ‘செரினிட்டி’ திரைப்படத்தை உடனே தொடர்ந்து பார்க்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. ரிவரின் புதிருக்கு அது விடை தருகிறது, நல்ல படமும்கூட. ஆனால் பல ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டிய கதையை இரண்டு மணிநேரத்தில் அடக்க வேண்டியிருந்ததால், அது தொடங்கும்போதே புக்கும் இனாராவும் கலத்தைவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஒன்பது பேரின் குடித்தனத்துக்காகத் தொடரைப் பார்ப்பவருக்கு, 14ஆவது அத்தியாயத்தோடு நிறுத்திச் சில வாரங்கள் கழித்துப் படத்துக்குப் போவதே நல்லது.