தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, மீன் ஏன் சாகிறது?

கேள்வி: வீட்டுக் கொல்லையில் அக்வாபோனிக்ஸ் (மீன் கழிவு கலந்த தண்ணீரில் செடி வளர்க்கும் முறை) தொடங்கியிருக்கிறேன். 500 லிட்டர் தொட்டி, அதன் மேல் 1 சதுர மீட்டர் பரப்பும் 30 செ.மீ. ஆழமும் உள்ள சரளைப் படுகை, ஒரு பம்ப். தண்ணீர் நிரப்பிய மறுநாளே விரல் நீளத் திலாப்பியா 40 விட்டேன். படுகையில் கீரை நாற்று நட்டேன். காலை ஒரு பிடி, மாலை ஒரு பிடி என்று நாளுக்கு 50 கிராம் தீவனம் போட்டேன். 12ஆம் நாள் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கின, 9 செத்தன. பயந்துபோய்த் தண்ணீர் முழுவதையும் மாற்றி, சரளையையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். அடுத்த இரண்டு நாளில் இன்னும் 6 போயின. தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது. கீரை வேறு வெளிறுகிறது. எங்கே தவறினேன்? மிச்சமிருக்கும் 25ஐயாவது காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். இன்றே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தீவனத்தை இரண்டு நாள் அடியோடு நிறுத்துங்கள். இரண்டு நாள் பட்டினியில் மீன் சாகாது. ஏர் பம்ப் இருந்தால் இரவும் பகலும் ஓடட்டும். இல்லையென்றால் படுகையிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து சிதறும்படி குழாயைத் தூக்கிக் கட்டுங்கள். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்த பாத்திரத்தில் காற்றோட்டத்தோடு வைத்து, குளோரின் போன பிறகே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்திருந்தால் அது அப்படிப் போகாது. மீன்தொட்டிகளுக்கென்று விற்கும் குளோரின் நீக்கியைக் கலந்தாக வேண்டும். இதற்கிடையில் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) நான்கையும் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் இந்தத் தொட்டியை நடத்தவே முடியாது. அமோனியாவுக்கு நிறம் இல்லை. மீனைக் கொல்லும் அளவில் அது கலந்திருக்கும்போதும் தண்ணீர் பளிங்குபோலத்தான் தெரியும்.

இனி நடந்தது என்ன என்று பார்ப்போம். மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. 32 சதவீதம் புரதம் உள்ள தீவனம் 50 கிராம் போட்டால், ஏறத்தாழ 1.5 கிராம் அமோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். 500 லிட்டரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராம், அதுவும் ஒரே நாளில். இதைத் தின்பதற்கு ஒரு கூட்டம் இருக்க வேண்டும். நைட்ரோசோமோனாஸ் என்ற பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். செடிக்கு அந்த நைட்ரேட்தான் நல்ல சாப்பாடு. இந்தப் பாக்டீரியாக்கள் சரளைக் கற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகக் குடியேறுகின்றன. மெதுவாகவே பெருகும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில்கூட 4 முதல் 6 வாரம் ஆகும். குளிரில் இன்னும் தள்ளிப்போகும். நீங்கள் மறுநாளே 40 மீனை விட்டீர்கள். உங்கள் தொட்டியில் மீன் இருந்தது, செடி இருந்தது, நடுவில் வேலை செய்ய வேண்டியவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

சரளையைக் கழுவியதுதான் எனக்கு அதிக வருத்தம். 12 நாளில் ஒட்டத் தொடங்கியிருந்த கொஞ்சநஞ்சப் படலமும் தேய்த்ததில் போயிருக்கும். மிச்சத்தைக் குளோரின் கொன்றிருக்கும். அந்தக் குளோரின் மீனின் செவுளையும் அரிக்கும். பதறிப்போய் எல்லோரும் செய்வதுதான் இது. என் முதல் தொட்டியில் நானும் இதையே செய்து, இருந்த மீன் அத்தனையையும் இழந்தேன். இனி எந்த நிலையிலும் படுகையைக் கழுவாதீர்கள்.

அடுத்த மீன் செத்தால் ஒன்று செய்யுங்கள். செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அப்போதுதான் செத்த மீனின் செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். காப்பிக்கொட்டை நிறத்தில் பழுப்பாக இருந்தால் நைட்ரைட் ஏறியிருக்கிறது என்று பொருள். நைட்ரைட் ரத்தத்தில் புகுந்தால், தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் ரத்தத்தால் அதைச் சுமக்க முடியாது. கிட்டிலும் நைட்ரைட் தெரிந்தால் லிட்டருக்கு 1 கிராம் வீதம், உங்கள் தொட்டிக்கு 500 கிராம், கல்லுப்பைக் கரைத்துச் சில மணி நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். இந்த அளவைக் கீரைகள் பொதுவாகத் தாங்கும். ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். போட்ட உப்பு தானாக வெளியேறாது.

பி.எச். எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது மிக முக்கியம். ஒரே அளவு அமோனியா, பி.எச். 7 இருக்கும்போது ஏறக்குறைய சாது. 25 டிகிரி தண்ணீரில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு 5 பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சரளையில் ஒரு பிடி எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக்கல், பி.எச்.சை 8க்குப் பக்கத்திலேயே பிடித்து வைக்கும். அப்படியானால் இப்போதே கல்லை மாற்றிவிடுங்கள். படலம் இல்லாத இந்த நேரத்தில் மாற்றினால் இழப்பு ஒன்றும் இல்லை. தொட்டிமேல் வெயில் விழுந்தாலும் பாசி பிடித்து, பிற்பகலில் பி.எச். ஏறும். மூடி போட்டு நிழல் கட்டுங்கள்.

25 மீனில் 15ஐ வேறு குளத்திலோ தொட்டியிலோ ஒப்படைக்க முடிந்தால் ஒப்படையுங்கள். 10 போதும். அவை போடும் அமோனியாவே பாக்டீரியாவுக்குத் தீனி. மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு ஒரே வேளை, 5 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். தினமும் காலையில் சோதனைக் குழாயைப் பகல் வெளிச்சத்தில் வண்ண அட்டையோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கிட்களில் அமோனியா இல்லையென்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை. லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் மீண்டும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். நோயில்லாத பழைய மீன்தொட்டி ஒன்றின் வடிகட்டியிலிருந்து ஒரு பிடி கல் கிடைத்தால் படுகையில் புதைத்துவிடுங்கள். வாரக்கணக்கில் காத்திருப்பு குறையும். முதலில் அமோனியா ஏறி இறங்கும், பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும், அதன் பிறகு நைட்ரேட் தலைகாட்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் படுகை பழுத்துவிட்டது.

அதற்குப் பிறகு தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டர் படுகைக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது கணக்கு. அதாவது நீங்கள் போட்ட அதே 50 கிராம், படுகை பழுத்து மீனும் வளர்ந்த பிறகு சரியான அளவுதான். மீன் எண்ணிக்கை அப்படியல்ல. 1,000 லிட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது தொடக்கக்காரர்களுக்கு நல்ல வரம்பு. உங்கள் தொட்டிக்கு 10 கிலோ. அரை கிலோ எடைக்கு வளர்ப்பதாக இருந்தால் 20 மீன். 40 எப்போதுமே அதிகம்.

கீரை வெளிறுவதற்கு இப்போது மருந்து தேட வேண்டாம். அடி இலை முழுவதும் மஞ்சளானால் நைட்ரஜன் பற்றாக்குறை. நைட்ரேட் வந்ததும் சரியாகும். நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் மஞ்சளிக்கும் இளந்தளிர் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. தீவனத்தில் அது போதிய அளவு இருக்காது. டி.டி.பி.ஏ. வகைக் கீலேட் இரும்பை (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும்படி தயாரித்த இரும்புப் பொடி), லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும்படி 3 வாரத்துக்கு ஒரு முறை சேர்க்கலாம். 11 சதவீதம் இரும்புள்ள பொடியென்றால் உங்கள் தொட்டிக்கு 9 கிராம். பூச்சி வந்தாலும் மருந்து தெளிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட வேண்டாம். இலையில் விழுவது தொட்டிக்கு வந்துவிடும்.

சில மாதங்கள் கழித்து பி.எச். தானாக இறங்கத் தொடங்கும். பாக்டீரியா வேலை செய்வதால் அமிலம் உண்டாகிறது, நல்ல அறிகுறிதான். 6.5க்குக் கீழே போகவிடாமல் கால்சியம் ஹைட்ராக்சைடையும் பொட்டாசியம் பைகார்பனேட்டையும் மாற்றி மாற்றிச் சிட்டிகை அளவில் கரைத்து ஊற்றுங்கள். ஒரே நாளில் தூக்கிவிடப் பார்க்க வேண்டாம்.

ஒரு நோட்டில் நாள், நான்கு அளவுகள், தீவனக் கிராம் மூன்றையும் தினமும் எழுதி வையுங்கள். அடுத்த முறை எழுதும்போது கடைசிப் பத்து நாள் கணக்கையும், வினிகரில் கல் நுரைத்ததா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.